போகிக்கு ஒரு மாதத் தவணை

கங்கைகொண்ட சோழபுரத்திலும் மாளிகைமேட்டிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பழைய பிரம்பு நாற்காலி வைத்திருக்கும் வீட்டாருக்கு,



மார்கழி பாதி கடந்துவிட்டது. காலையில் கோலங்களைப் பார்த்துக்கொண்டே ஏரிப்பக்கம் நடந்துவிட்டு வருவது என் வழக்கம். இந்த வாரம் கோலத்தைவிட, வாசலோரம் சேர்ந்துகொண்டிருக்கும் சாமான்கள்தான் கண்ணில் பட்டன. கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், ஓட்டை விழுந்த முறம் என்று போகிக்கு வழக்கமாகக் காத்திருக்கும் கூட்டம்தான். இந்த ஆண்டு அந்தக் கூட்டத்தில் பிரம்பு நாற்காலிகளும் சேர்ந்திருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், ஏழு வீடுகள். அந்த ஏழுக்காகவும், இன்னும் பரணிலிருந்து இறங்காமல் இருக்கும் மற்றவற்றுக்காகவும் இந்த மடல்.

நான் கேட்பது ஒரு மாதத் தவணை. தை முழுதும் அந்த நாற்காலியைத் திண்ணை ஓரத்தில் போட்டு வையுங்கள். மாசி பிறந்ததும் ஒரு நாள் அதற்காக ஒதுக்குங்கள். அதன் பிறகும் வேண்டாமென்று தோன்றினால் உங்கள் இஷ்டம், நான் குறுக்கே வரமாட்டேன். மார்கழிப் பனியில் நனைந்து பொதபொதவென்று இருக்கும் பிரம்பைப் பார்த்து முடிவெடுப்பது, காய்ச்சலில் படுத்திருக்கும் பையனுக்குப் பரீட்சை வைப்பதுபோல. உங்களில் பலர் என்னிடம் படித்தவர்கள். பிரம்பு என்றதும் உங்கள் உள்ளங்கைக்கு என் ஞாபகம் வரலாம். அந்தப் பழைய கணக்கில் இந்த மடலால் கொஞ்சம் கழியட்டும்.

முதலில் தண்ணீரைப் பற்றிப் பேசிவிடுவோம். ‘பிரம்பில் தண்ணி படக்கூடாது’ என்று எல்லா வீட்டிலும் ஒரு விதி இருக்கிறது. அதில் பாதிதான் உண்மை. பிரம்பு, பனைக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. முள்ளால் மரங்களைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும். சில வகைகள் 100 மீட்டருக்கு மேலும் நீளும். குறுந்தொகையில் ஔவையார் பாட்டு ஒன்றில், குளத்தோரம் வளர்ந்த பிரம்பின் பழத்தைக் கெண்டை மீன் கவ்வுகிறது. அப்படித் தண்ணீரை ஒட்டி வாழ்ந்த கொடிக்கு, நாற்காலி ஆனவுடன் தண்ணீர் விஷமாகிவிடுமா? பிரம்புக்கு ஆகாதது தேங்கி நிற்கும் ஈரம். ஈரம் தேங்கினால் பூசணம் பிடிக்கும். ஈரமே இல்லாமல் வறண்டால் நார் விறைத்து முறியும். உட்கார்ந்தவுடன் நாற்காலி முனகுகிறதே, பல சமயம் அது வயசான முனகல் இல்லை, தாகம்.

இதைக் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். அப்பாவின் சாய்வு நாற்காலியை ஒரு சித்திரை மாதம் மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய், குழாயைத் திருகிவிட்டுத் தொட்டியில் முக்கியதுபோல நனைத்தேன். கறை போகட்டும் என்று பிளீச்சிங் பவுடரையும் தூவித் தேய்த்தேன். நம் ஊர்ச் சித்திரை வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிற்பகலில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது மாடியிலிருந்து படபடவென்று சத்தம். போய்ப் பார்த்தால் முதுகுப் பக்கத்துப் பின்னலில் பாதி வெடித்துத் தொங்கியது. இருபது வருடம் அப்பாவைத் தாங்கியதை ஒரே பகலில் கெடுத்த பெருமை எனக்கு உண்டு. ஆகவே கீழே வருவதெல்லாம் கெடுத்தவன் சொல்லும் பாடம்.

துடைப்பதற்கு முன்னால் உங்களிடம் இருப்பது எது என்று பாருங்கள். நம் வீடுகளில் மூன்று வகை உண்டு. முழுக்கப் பிரம்பாலேயே ஆன கூடை நாற்காலி, மோடா, ஊஞ்சல் ஒரு வகை. தேக்குச் சட்டத்தில் வரிசையாகத் துளைபோட்டு, பிரம்புப் பட்டையால் எண்கோணக் கண் வருமாறு பின்னிய இருக்கை இரண்டாவது. பழைய தாலுகா ஆபீஸ், பள்ளிக்கூட நாற்காலி. மூன்றாவது, பிரம்புபோல் வேஷம் போட்ட பிளாஸ்டிக். மூன்றாவதை ஒருமுறை பிரம்பு விலை கொடுத்தே வாங்கி வந்தேன். எந்தக் கடை என்பதைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. சோதனை சுலபம். வெட்டுவாயைப் பாருங்கள். பிரம்பு மூங்கில்போல் உள்ளே வெற்றுக்குழல் அல்ல, கெட்டி. ஆனால் அந்தக் கெட்டிக்குள் ஊசிக்கண் அளவில் நூற்றுக்கணக்கான நுண்துளைகள் ஓடும். ஒரு துண்டின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி வரும். பிளாஸ்டிக்கில் வராது. பிளாஸ்டிக்காக இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிக் கொட்டுங்கள், தப்பில்லை. ஆனால் எந்தக் காரணம் கொண்டும் போகியில் போடாதீர்கள். 2018இல் போகிப் புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திண்டாடின. நம் தெருவில் விமானம் இறங்குவதில்லை. குழந்தைகள் மூச்சு விடுகிறார்கள்.

பிரம்புதான் என்று தெரிந்த பிறகு வேலையைத் தொடங்கலாம். முதல் அரைமணி நேரம் தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள். நம் மாவட்டம் சுண்ணாம்புக்கல் மாவட்டம். சிமென்ட் ஆலைகளும் சுரங்கங்களும் லாரிகளும் திருச்சி–சிதம்பரம் நெடுஞ்சாலையும் சேர்ந்து நம் திண்ணைகளுக்கு அனுப்பிவைக்கும் தூசி சாதாரணத் தூசி இல்லை. செம்மண்ணும் அதோடு கலந்திருக்கும். எடுத்தவுடன் ஈரத்துணியைப் போட்டால் பின்னல் கண்ணெல்லாம் சாந்து பூசியதுபோல் அடைத்துக்கொள்ளும். நாற்காலியைக் கவிழ்த்துப் போடுங்கள். சுவருக்கு வர்ணம் அடிக்கும் பழைய பிரஷ் ஒன்று, தூக்கிப்போடவிருந்த பல் துலக்கும் பிரஷ் ஒன்று போதும். அடிப்பக்கத்திலிருந்து தொடங்கி, பின்னல் ஓடும் திசையிலேயே தட்டித் தட்டி இழுங்கள். குறுக்கே தேய்த்தால் நார் எழும்பிவிடும். சந்து இடுக்கில் இருப்பதற்கு மூங்கில் குச்சி. கால் சேருமிடங்களில் சிலந்திக்கூடும் பல்லி முட்டையும் கிடைக்கும். அவற்றுக்கு நான் தவணை கேட்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பிரம்பின் மேல்தோல் வழவழப்பாக, மெருகோடு இருக்கும். அந்தத் தோல்தான் அதன் கவசம். உப்புத்தாளோ இரும்பு நாரோ போட்டுத் தேய்த்தால் அன்றைக்குப் பளிச்சென்று தெரியும். மறு வருடம் இரண்டு மடங்கு அழுக்குக் குடிக்கும். கோயில்களில் மணலை வேகமாக வீசிச் சுத்தம் செய்யப்போய்ச் சிற்பங்களின் முகம் மழுங்கிய கதைகளைக் கேட்டிருப்பீர்கள். அழுக்குக்கும் பொருளுக்கும் நடுவே எல்லை எங்கே என்று தெரியாத கைக்குச் சுத்தம் என்பதும் ஒரு சேதம்தான்.

தூசி போன பிறகு தண்ணீர். ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் பக்கத்து நெசவு வீடுகளில் இதற்கு வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. பட்டுக்குப் போடும் பூந்திக்கொட்டை நுரை பிரம்புக்கும் போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொட்டையை ஊறவைத்துக் கசக்கி நுரை எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால், பாத்திரம் கழுவும் திரவத்தில் சில சொட்டு. துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, ஒரு கை அகலம், அடுத்த கை அகலம் என்று துடைத்து, உடனுக்குடன் வேறு நல்ல தண்ணீர்த் துணியால் ஒற்றி எடுங்கள். சலவை சோடா வேண்டாம். பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம், மேலே சாட்சி சொல்லிவிட்டேன். கறுப்பாகப் புள்ளி புள்ளியாகத் தெரிவது பூசணம். அதற்கு ஒரு பங்கு வினிகர், மூன்று பங்கு தண்ணீர். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெளியில் வைத்துத் துடையுங்கள். பரணில் கிடந்த முடை நாற்றம் போகவில்லையென்றால், காய்ந்த பிறகு ஆப்பசோடாவைத் தூவி ஓர் இரவு விட்டுக் காலையில் தட்டிவிடுங்கள். சாம்பிராணிப் புகை போட்டால் நாற்றம் போகாது. சாம்பிராணி வாசனையோடு சேர்ந்து திரும்பி வரும்.

இப்போது, பார்த்தவர்கள் வாயைப் பிளக்கும் பகுதி. எண்கோணக் கண் போட்ட இருக்கை தொட்டில்போல் தொங்கிவிட்டதா? பட்டை அறுந்திருக்காவிட்டால் அதைத் திரும்ப இறுக்கலாம், காசு செலவில்லாமல். நாற்காலியைக் கவிழ்த்து, நல்ல சூடான தண்ணீரில் நனைத்த துண்டை இருக்கையின் அடிப்பக்கத்தில் விரித்து அரைமணி நேரம் வையுங்கள். மேல்பக்கத் தோல் தண்ணீரை உள்ளே விடாது, அடிப்பக்கம்தான் குடிக்கும். பட்டை ஊறி நெகிழும். பிறகு நிமிர்த்தி நிழலில் காற்றோட்டமாக வைத்துவிடுங்கள். காயும்போது சுருங்கும், சுருங்கும்போது தானே இழுத்துக் கட்டிக்கொள்ளும். இரண்டு நாள் யாரையும் உட்கார விடாதீர்கள். முக்கியமாகத் தாத்தாக்களை. மூன்றாம் நாள் விரலால் தட்டினால் உறுமிமேளத் தோல்போல் சத்தம் வரவேண்டும். தேக்குச் சட்டத்தில் மட்டும் சூடான தண்ணீர் பட விடாதீர்கள், மெருகு வெளுக்கும்.

காயவைப்பதற்கும் காலம் இருக்கிறது. மாசி என்று சொன்னது இதற்காகத்தான். பனி குறைந்துவரும், வெயில் இன்னும் சூடேறியிருக்காது. மாசியைத் தவறவிட்டால் ஆடி. நம் ஊரில் ஆடித் திருவாதிரைக்கு ராஜேந்திர சோழன் பிறந்தநாள் விழா நடக்கும் வாரத்தில், ஏரிப் பக்கத்திலிருந்து வரும் காற்று கொடியில் போட்ட வேட்டியைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு போகும். பிரம்பை உலர்த்த அதைவிட நல்ல இயந்திரம் இல்லை. எந்தக் காலமானாலும் நிழலும் காற்றும். வெயில் கூடாது.

மூட்டுகளில் சுற்றியிருக்கும் பட்டை அவிழ்ந்து தொங்குகிறதா? கத்தரித்துவிடாதீர்கள். அந்தப் பட்டையை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பதமாக்கி, மூட்டில் கொஞ்சம் பெவிகால் தடவி, இறுக்கிச் சுற்றி, காயும்வரை நூலால் கட்டி வையுங்கள். எண்ணெய் பூச வேண்டுமென்றால், வார்னிஷ் இல்லாத பிரம்பாக இருந்தால், வர்ணக்கடையில் ஆளிவிதை எண்ணெய் கேளுங்கள். துணியில் தொட்டு மெல்லிசாக ஒரு கை, அரைமணி கழித்து மீதியைத் துடைத்து எடுத்துவிடுங்கள். தேங்காயெண்ணெய் காறிப்போகும், எறும்பு வரும். முந்திரிக் காடு சூழ்ந்த ஊர்க்காரர்கள் நாம். முந்திரிக் கொட்டையின் தோட்டு எண்ணெயைப் படகுக்குப் பூசுவார்களே என்று யாருக்காவது யோசனை வரும். படகு முதுகைச் சாய்த்து உட்கார்கிற பொருள் அல்ல. அந்த எண்ணெய் பட்ட இடம் பொத்துப்போகும். இன்னொரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். தண்ணீரில் நனைத்துவிடுங்கள், அல்லது வெளியில் விரித்துக் காயப்போடுங்கள். போகிக்குத் தப்பிய நாற்காலி துணியால் எரிந்தது என்று பெயர் வேண்டாம்.

எல்லா நாற்காலியையும் காப்பாற்ற முடியும் என்று நான் சொல்லவில்லை. அடியில் செய்தித்தாளை விரித்து இரண்டு நாள் விடுங்கள். தாளில் அரிசி மாவுபோல் பொடி விழுந்திருந்தால், தண்டில் குண்டூசித் துளைகள் தெரிந்தால், வண்டு குடியேறிவிட்டது, பிரம்பு உளுக்கிறது. துளைகள் ஒன்றிரண்டுதான் என்றால் நாற்காலியைத் தனியே ஒதுக்கி, வேப்பெண்ணெயை ஊசியால் துளைக்குள் விட்டு, மெழுகால் அடைத்து, புதுத்துளை வருகிறதா என்று கவனியுங்கள். கால்களே உளுத்து, அழுத்தினால் விரல் உள்ளே போகிறதென்றால், அதை மட்டும் போகிக்குக் கொடுங்கள். மற்ற மரச் சாமான்களுக்கும் வண்டு பரவாமல் இருக்கும். அந்த நெருப்பு நியாயமான நெருப்பு.

நடுவே நிற்பவை உண்டு: சட்டம் நன்றாக இருக்கிறது, பின்னல் போய்விட்டது. அவற்றுக்குக் கை தெரிந்த ஆள் வேண்டும். காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வழியாகக் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டிச் சீர்காழிச் சாலையில் போனால் தைக்கால். சாலையோரம் வரிசையாகப் பிரம்புக் கடைகள். ஊஞ்சல், கூடை, நாற்காலி எல்லாம் காற்றில் தொங்கும். ஊதுவிளக்கின் நெருப்பில் பிரம்பை வாட்டி, முழங்காலில் கொடுத்து வளைக்கும் வேலையை அங்கே நின்று பார்க்கலாம். பச்சைக் கொடிபோல் வளையும். ஆறினால் வளைந்த வாக்கிலேயே நின்றுவிடும். எண்கோணப் பின்னலுக்கு இன்னொரு மரபும் இருக்கிறது. பார்வையற்றோர் பள்ளிகளில் நாற்காலிப் பின்னல் ஒரு தொழிலாகவே கற்றுக்கொடுக்கப்பட்டது. அரசு அலுவலக நாற்காலிகள் பலவற்றைப் பின்னியவை பார்வையற்றவர்களின் விரல்கள். நானும் இப்போதெல்லாம் துடைத்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு பின்னலைத் தடவிப் பார்க்கிறேன். கண்ணுக்குத் தெரியாத பிசிறும் தளர்வும் விரலுக்குத் தெரிகின்றன.

புதிது வாங்கினால் ஆயிற்று என்பீர்கள். பிரம்பு நம் கொல்லையில் விளைவதில்லை. அஸ்ஸாம் காட்டிலிருந்தும் அந்தமானிலிருந்தும் கடல் கடந்தும் வரவேண்டும். உலகத்தில் பிரம்பு அதிகம் விளைவது இந்தோனேசியாவில். அந்த நாடு பக்குவம் செய்யாத பிரம்பை வெளியே விடுவதை 2012இலிருந்து நிறுத்திவிட்டது. ராஜேந்திரன் 1025இல் கப்பல் அனுப்பிய ஸ்ரீவிஜயமும் கடாரமும் அந்தப் பக்கத்துத் தீவுகளும் கரைகளும்தான். கடாரம் கொண்டவனின் ஊரில் அந்தக் கரைகளின் கொடியைக் கொளுத்துகிறோம் என்பதை நான் சும்மா குறித்துவைக்கிறேன், மார்க் குறைக்கவில்லை.

பழையதை இப்படி இழப்பது நம் ஊருக்குப் பழக்கம்தான். 1836இல் அணைக்கரையில் கொள்ளிடத்துக்குக் குறுக்கே அணை கட்டியபோது, நம் கோயில் மதில் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சும்மா கிடக்கிறது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். மாளிகைமேட்டில் தோண்டத் தோண்டச் செங்கல் சுவரும் கூரை ஓடும் இரும்பு ஆணியும் சீனப் பீங்கான் துண்டும் வருகின்றன. ஓடு மிஞ்சியது, ஆணி மிஞ்சியது. இரண்டுக்கும் நடுவே கூரையைத் தாங்கிய மரம் மண்ணோடு மண்ணாயிற்று. கல்லையும் இரும்பையும் மண்ணுக்குள் விட்டாலும் ஆயிரம் வருடம் கழித்து யாராவது எடுப்பார்கள். மரத்துக்கும் நாருக்கும் பிரம்புக்கும் அந்த வசதி இல்லை. வருடத்துக்கு ஒரு தரம் ஒரு கை தொட்டுத் துடைத்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. ராஜராஜன், ராஜேந்திரன் பெயர் சொல்லிக்கொண்டு நாம் காக்கும் பழமையெல்லாம் அரசாங்கமும் தொல்லியல் துறையும் பார்த்துக்கொள்ளும் பழமை. வீட்டுக்குள் இருப்பதற்கு நாம்தான் துறை.

மாசி முதல் ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுத் திண்ணை காலி. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். பழைய பிரஷும் துண்டும் உங்கள் பொறுப்பு. சூடான தண்ணீரும் பூந்திக்கொட்டையும் காப்பியும் என் பொறுப்பு.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாத்தியார்

பி.கு.: ஏழு வீடு என்று சொன்னேன். ஏழாவது என் வீடு. வெடித்த பின்னலோடு பரணில் கிடந்த அப்பாவின் சாய்வு நாற்காலியைப் போன திங்கட்கிழமை என் மனைவி வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். “இத்தனை வருஷமா மேல கெடக்குது, ஒருநாள் எறக்கிப் பார்த்தீங்களா?” என்று கேட்டாள். பதில் இல்லை. தவணை முதலில் அவளிடம்தான் வாங்கினேன், மாசிவரைக்கும். அதற்குள் தைக்காலுக்கு எடுத்துப்போகாவிட்டால் அடுத்த போகிக்குத் தானே தீக்குச்சி கிழிப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பக்கம் மினிலாரியில் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள். இன்னும் இரண்டு நாற்காலிக்கு அதில் இடம் இருக்கும்.